பச்சைக் கம்பளம்

அரையாண்டுப் பரீட்சை முடிந்ததோ இல்லையோ, எங்கள் வேடசந்தூர் ஆத்துமேட்டில் விடியற்காலம் நாலு மணிக்கே வேன்கள் வந்து நிற்க ஆரம்பித்துவிடுகின்றன. கிறிஸ்துமஸுக்கும் புது வருஷத்துக்கும் இடைப்பட்ட அந்த ஒரு வாரத்தில் ஊரில் வசதியுள்ள பாதி மலையேறிவிடுகிறது. நூற்பாலைக் கணக்கர், வாத்தியார், முருங்கைக்காய் மண்டிக்காரர், உரக்கடைக்காரர், அவர்களுடைய சம்சாரங்கள், மாமியார்கள், குரங்குக் குல்லாய் மாட்டிய குழந்தைகள், தூக்கு நிறையப் புளிச்சோறு. எங்கே போகிறார்கள் என்று கேட்க வேண்டியதில்லை. ஒரு காலத்தில் கொடைக்கானல்; இப்போது மூணாறு. கொஞ்சம் கை தாராளமானவர்கள் விமானம் ஏறி இலங்கையின் நுவரெலியாவுக்கே போய்வருகிறார்கள். போன இடம் எதுவானாலும் திரும்பி வந்து சொல்கிற வாக்கியம் ஒன்றுதான்: "அப்படியே பச்சைக் கம்பளம் விரிச்ச மாதிரி இருக்குங்க!"

இந்த வாக்கியத்தோடுதான் எனக்குச் சண்டை.

பிரயாணம் போகிறவர்களோடு சண்டை இல்லை. வருஷம் முழுவதும் வெயிலிலும் புழுதியிலும் கிடந்து வேகிற சமவெளிக்காரன் நாலு நாள் குளிர்ந்த காற்றைச் சுவாசிக்கப் போகிறான் என்றால், அதைத் தடுக்க நான் யார்? கிறிஸ்துவர் பண்டிகையில் இந்துவும் முஸ்லிமும் விடுமுறை கொண்டாடுவது நம் நாட்டின் நல்ல வழக்கங்களில் ஒன்று. போகட்டும். ஆனால் போய் என்னத்தைப் பார்த்துவிட்டு வருகிறார்கள் என்பதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல எனக்கு உரிமை உண்டு.

கம்பளம் என்கிறார்களே, கம்பளம் எங்கேயாவது முளைக்குமா? அதை யாரோ உட்கார்ந்து நெய்ய வேண்டும். தேயிலை என்பது செடியே அல்ல, மரம். வெட்டாமல் கொள்ளாமல் அதன் பாட்டுக்கு விட்டால் முப்பது நாற்பது அடி உயரம் வளர்ந்து நிற்கும். அதை இடுப்பளவுக்கு மேலே போகவிடாமல் அடக்கி, நாலைந்து வருஷத்துக்கொரு தடவை கவ்வாத்து வெட்டி, இடையில் பத்துப் பதினைந்து நாளைக்கு ஒரு முறை கொழுந்து எடுத்து, தலையைச் சீவிவிட்ட மாதிரி மட்டமாக வைத்திருப்பது மனிதக் கை. ஒரு பருவம் அந்தக் கை நின்றுவிட்டால் கம்பளம் கலைந்து புதராகிவிடும். சில வருஷம் நின்றால் காடாகிவிடும். ஆக, நம்மவர்கள் இயற்கையின் அழகு என்று வாய் பிளந்து பார்ப்பது இயற்கையை அல்ல. பெண்பிள்ளைகளின் உழைப்பை. உழைப்பைப் பார்க்கிறார்கள், உழைக்கிறவளைப் பார்ப்பதில்லை. அவள் படத்தில் வந்தால் 'கலராக' இருக்கிறது என்பதற்காக ஒரு படம், அவ்வளவே.

இயற்கை அங்கே முன்னொரு காலத்தில் இருந்தது வாஸ்தவம். சோலைக்காடும் புல்வெளியுமாக இருந்த மலை அது. 1877-ல் பூஞ்சாறு ராஜாவிடமிருந்து அந்தக் கண்ணன் தேவன் மலைகளை ஜான் டேனியல் மன்றோ என்கிற வெள்ளைக்காரர் எழுதி வாங்கினார். 1880-ல் ஷார்ப் என்பவர் பார்வதி என்கிற இடத்தில் முதல் தேயிலையை நட்டார். அப்புறம் காட்டைக் கழித்து, கொளுத்தி, குழி தோண்டி, நாற்று நட்டு முடித்ததுதான் நாம் பார்க்கிற பசுமை. காடு எரிந்த இடத்தைக் காட்டி, 'காட்டின் அழகைப் பாருங்கள்' என்று குழந்தைக்குச் சொல்லிக் கொடுக்கிறோம்.

எங்கள் ஊரிலும் பசுமை உண்டு. வேடசந்தூரைச் சுற்றிக் கிணற்றுப் பாசனத்தில் புகையிலை போடுவது தலைமுறை வழக்கம். ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. புகையிலைக் கொல்லை தூரத்தில் நின்று பார்க்க வெகு லட்சணமாக இருக்கும். ஆனால் பக்கத் துளிர் ஒடிக்கிற பெண்ணின் விரலில் ஏறுகிற பிசின் சோப்புப் போட்டாலும் போகாது. அந்தக் கையோடு சோறு தின்றால் சோறு கசக்கும். இது எங்கள் ஊர்க் குழந்தைக்குக் கூடத் தெரியும். நாளைக்கு ஒரு பட்டணத்து வேன் வந்து கொல்லை ஓரம் நின்று, "அடடா, என்ன பச்சை!" என்று படம் பிடித்தால் நாம் சிரிக்க மாட்டோமா? புகையிலையில் தெரிகிற விஷயம் தேயிலையில் மட்டும் எப்படி மறந்துபோகிறது? மூவாயிரம் அடி ஏறினால் புத்தி உறைந்துவிடுமா?

"அது கேரளாண்ணே. அவங்க ஊரு, அவங்க கூலி. நமக்கென்ன?" என்றார் நண்பர் ஒருவர். வாத்தியார், என்னைவிட இளையவர், வருஷந்தவறாமல் போகிறவர்.

நமக்கென்னவா? இந்த வேன் போகிற பாதையையே பாருங்கள். வேடசந்தூர், திண்டுக்கல், வத்தலக்குண்டு, தேனி, போடிநாயக்கனூர். அங்கிருந்து பதினேழு கொண்டையூசி வளைவு ஏறினால் போடிமெட்டு. நூறு வருஷத்துக்கு முன்னால் தேயிலைப் பெட்டி மலையிலிருந்து இறங்கியதும் போடிப் பக்கந்தான். குண்டளைப் பள்ளத்தாக்கில் சிறு ரயில் ஓடியது. டாப் ஸ்டேஷன் என்கிற உச்சியிலிருந்து குரங்கணிப் பக்கம் கொட்டகுடிக்குக் கம்பிவடத்தில் பெட்டிகள் தொங்கி இறங்கின. பிறகு வண்டியில் போடி, அப்புறம் தூத்துக்குடித் துறைமுகம், அப்புறம் சீமை. 1924 வெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போயிற்று. இன்று டாப் ஸ்டேஷனில் நின்று பள்ளத்தாக்கைப் பார்த்து, "சூப்பர்" என்கிறோம். பெட்டி இறங்கிய சரிவிலே ஏறிப் போனது யார்? மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளின் ஜனங்கள். மழை பொய்த்து, கடன் ஏறி, கங்காணியின் முன்பணத்தை வாங்கிக்கொண்டு, கைக்குழந்தையோடு மலையேறியவர்கள். மூணாற்று லயங்களில் இன்றைக்கும் வீட்டுப் பேச்சு தமிழ்தான். 1956-ல் மொழிவாரியாக மாநிலம் பிரித்தபோது தேவிகுளம் கேரளத்தோடு போயிற்று. ஜனங்கள் இருந்த இடத்திலேயே அயலூர்க்காரர் ஆனார்கள். அவர்களைப் பார்த்து 'அவங்க ஊரு' என்று சொல்வதற்கு நம் நாக்கு கூசவேண்டும்.

மூணாற்றுக்குப் போகிறவர்களை வழிகாட்டிகள் அழைத்துக்கொண்டு போய்க் காட்டுகிற இடங்களில் ஒன்று, பழைய கருங்கல் மாதா கோயிலுக்குப் பின்னால் மேட்டில் இருக்கிற கல்லறை. எலினர் என்கிற இளம் பெண்ணினுடையது. தோட்டத்துப் பெரிய துரையான ஹென்றி மான்ஸ்ஃபீல்டு நைட் என்பவரின் மனைவி. மலைக்கு வந்த கொஞ்ச நாளிலேயே, 1894 டிசம்பரில், கிறிஸ்துமஸ் நெருங்கியிருந்த சமயத்தில், காலரா கண்டு இறந்துபோனாள். முதலில் கல்லறை, கோயில் கட்டியது அப்புறம் பதினைந்து வருஷத்துக்கு மேல் கழித்து. கேட்கிறவர்களுக்குக் கண் கலங்குகிறது. கலங்கத்தான் வேண்டும். தாய் வீட்டை விட்டுக் கடல் கடந்து வந்த பெண், பண்டிகைக்குக் கேக் வெட்ட வேண்டிய நாளில் மண்ணுக்குள் போனாள் என்றால் யார் மனந்தான் இளகாது?

ஆனால் ஒன்று கேட்கிறேன். காலரா அந்தத் துரைசானி ஒருத்தியை மட்டும் தேடிக்கொண்டா மலையேறி வந்தது? குளிருக்குக் கம்பளி இல்லாமல், கொதிக்க வைத்த தண்ணீர் இல்லாமல், ஒரே கொட்டகையில் நெருக்கிப் படுத்த கூலி ஜனங்களில் அதே காலராவிலும் மலைஜுரத்திலும் போனவர்கள் எத்தனை பேர்? அவர்களுக்குக் கல் எங்கே? வழிகாட்டி எந்த மேட்டில் நிறுத்தி அவர்கள் கதையைச் சொல்கிறான்? அவர்கள் கிடக்கிற இடத்தின் மேலும் தேயிலை நட்டாயிற்று. கம்பளம் என்று சொன்னீர்களே, கம்பளத்துக்குக் கீழே என்னத்தைத் தள்ளி மூடுவார்கள் என்பது வீடு பெருக்குகிறவர்களுக்குத் தெரியும்.

டிசம்பர் மாதத்தில் இன்னொரு வேடிக்கை. மலையில் உறைபனி விழும். அதைப் பார்ப்பதற்கென்றே இரவோடிரவாக வண்டி ஏறுகிறார்கள். விடியற்காலம் புல்லின்மேல் வெள்ளையாகப் படிந்திருப்பதை அள்ளி ஒருவர்மேல் ஒருவர் வீசிக்கொள்கிறார்கள். "குட்டிக் காஷ்மீர்!" நல்லது. வெயில் ஏறினதும் பனி பட்ட தேயிலை கருகிவிடுகிறது என்பதை யாராவது கவனித்தார்களா? கருகின மலையில் கொழுந்து ஏது? கொழுந்து இல்லாவிட்டால் எடை ஏது, எடைக்கு மேல் வரும் காசு ஏது? நமக்குப் பந்து விளையாடக் கிடைத்த பனி, அவளுடைய பொங்கல் செலவு.

நம் கற்பனையில் இன்னமும் அவள் இரண்டு விரலால் ஈரிலையும் ஒரு மொட்டும் கிள்ளிக்கொண்டிருக்கிறாள். சினிமாக்காரர்கள் கற்றுக் கொடுத்தது. உண்மையில் மூணாற்றில் அவள் கையில் இருப்பது பெட்டி பொருத்திய இரும்புக் கத்தரி. நாள் முழுவதும் வெட்டி வெட்டித் தோளும் மணிக்கட்டும் வீங்குகின்றன. காலில் அட்டை. இதற்குப் பக்கத்திலேயே சாலையோரத்தில் கூடையும் தலைத்துணியும் வாடகைக்குக் கொடுத்து, உல்லாசப் பிரயாணிகளைக் கொழுந்துக்காரிகளாக வேஷம் கட்டிப் படம் எடுத்துத் தருகிறார்கள். சாக்கடை அள்ளுகிறவன் மாதிரி வேஷம் கட்டிப் படம் எடுத்துக்கொள்ள யாராவது காசு கொடுப்பார்களா?

இப்போது வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். என்னுடைய சண்டையின் மூலமே இதுதான்.

லயம் என்றால் என்ன என்று போய்ப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரே நீளக் கூரை. அதன்கீழ் வரிசையாக அறைகள். ஓர் அறையும் ஒரு சமையல் இடமும் ஒரு குடும்பத்துக்கு. அப்பன், ஆத்தா, கல்யாணமான மகன், மருமகள், பேரன் எல்லாரும் அதற்குள்ளேதான். 1951-ல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்து வீடும் வைத்தியமும் பிள்ளைக் காப்பகமும் முதலாளி பொறுப்பு என்று சொல்லிற்று. நல்ல சட்டந்தான். ஆனால் வீடு வேலையோடு ஒட்டியது. வேலை உள்ளவரை வீடு. நாற்பது வருஷம் மலையில் நின்று, முதுகு கூனி, ஓய்வு பெறுகிற அன்றைக்கு அவளுக்குச் சொந்தமாக ஒரு செண்டு நிலம் கிடையாது. சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். எங்கே போவது? பாட்டன் கிளம்பி வந்த கிராமத்தில் இப்போது அவளுக்கு யார் இருக்கிறார்கள்? ஆகவே மகனோ மகளோ ஒருத்தர் படிப்பை விட்டு அதே தோட்டத்தில் பேர் பதிந்துகொள்கிறார்கள். வேலை வேண்டும் என்பதற்காக அல்ல. கூரை போகக் கூடாது என்பதற்காக. தலைமுறை தலைமுறையாக ஒரு குடும்பத்தைக் கட்டிப் போட இரும்புச் சங்கிலி எதற்கு? ஒரு அறையின் சாவி போதும்.

2020 ஆகஸ்டு 6-ம் தேதி இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து நான்கு லயங்களின் மேல் விழுந்தது. எழுபது பேர் போனார்கள். சிலருடைய உடல் கடைசி வரை கிடைக்கவேயில்லை. மழையில் மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை. விடிந்தபிறகே வெளியுலகத்துக்குத் தெரிந்தது. செத்தவர்களில் பெரும்பாலோர் கயத்தாறுப் பக்கத்திலிருந்து போன தமிழ்க் குடும்பங்கள். மறுநாள் மாலை கோழிக்கோட்டில் விமானம் விழுந்தது. அந்தத் துக்கமும் பெரிய துக்கந்தான். விமானத்தில் இறந்தவர் குடும்பத்துக்கு மாநில அரசு அறிவித்தது 10 லட்சம். லயத்தில் இறந்தவர் குடும்பத்துக்கு 5 லட்சம். உயிரைத் தராசில் போடுகிறார்களோ என்று அப்போது கேட்டவர்கள் உண்டு. நாம் வரையாடு பார்ப்பதற்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு வரிசையில் நிற்கிறோமே இராஜமலை, அதற்கு அப்பால் சில மைல் தூரந்தான் பெட்டிமுடி. வரையாட்டைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் என்னிடம் அதன் கொம்பைப் பற்றியெல்லாம் வர்ணித்திருக்கிறார்கள். பெட்டிமுடியைப் பற்றி ஒருவரும் வாய் திறந்ததில்லை.

நண்பர் விடவில்லை. "நாம போறதாலதானண்ணே அவங்களுக்கு நாலு காசு? நாம போகலேன்னா அதுவும் இல்லையே?"

இதில் உண்மை இல்லாமல் இல்லை. லயத்துப் பையன்களில் எத்தனையோ பேர் ஜீப் ஓட்டுகிறார்கள். மாட்டுப்பட்டி அணைக்கரையில் காரட்டும் வேகவைத்த சோளமும் விற்கிறவர்களுக்கு அது வயிற்றுப்பாடு. ஆனால் ஒரு ராத்திரிக்கு ஐயாயிரமும் பத்தாயிரமும் வாங்குகிற கண்ணாடி ஜன்னல் விடுதி யாருடையது? ஒவ்வொரு விடுதி எழும்பும்போதும் மூணாற்றில் ஒரு செண்டு நிலத்தின் விலை, கொழுந்துக்காரி ஆயுசு முழுவதும் சேர்த்தாலும் எட்ட முடியாத உயரத்துக்கு இன்னும் ஒரு படி ஏறுகிறது. ஓய்வு பெற்றுக் குடியிருக்க அவளுக்கு ஓர் இடம் வேண்டுமென்றால், அந்த இடத்துக்குப் போட்டிக்கு நிற்பது நம் விடுமுறை. பிச்சை போடுகிறவன் திண்ணையையும் சேர்த்து வாங்கிக்கொண்டு போன கதை.

அந்தப் பெண்களுக்குத் தங்கள் நிலைமை தெரியாது என்று யாரும் எண்ண வேண்டாம். 2015 செப்டம்பரில், முந்தின வருஷம் 19 சதவீதமாக இருந்த போனஸ் இந்தத் தடவை 10 என்று சொன்னபோது, ஆயிரக்கணக்கில் மலையிறங்கி வந்து மூணாற்றுச் சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். பெண்கள் மட்டும். தொழிற்சங்கத் தலைவர்களை 'நீங்கள் வரவேண்டாம்' என்று விரட்டினார்கள். பெம்பிளை ஒருமை என்று அதற்குப் பேர் வந்தது. ஒன்பது நாள். 20 சதவீதம் வாங்கிக்கொண்டுதான் எழுந்தார்கள். பிறகு கூலிக்காக மறுபடியும் நின்றார்கள். 232 ரூபாயாக இருந்த தினக்கூலிக்கு 500 கேட்டு 301-ல் முடிந்தது. அந்த நாட்களில் விடுதிகள் காலி. பிரயாணிகளின் வண்டிகள் திரும்பிப் போயின. "டிரிப் கெட்டுப் போச்சு" என்று எங்கள் ஊரிலும் அலுத்துக்கொண்டவர்கள் இருந்தார்கள். கம்பளம் எழுந்து உட்கார்ந்து பேசினால் யாருக்குத்தான் பிடிக்கும்!

நுவரெலியா போகிறவர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டாம்; ஊரின் செல்லப்பெயரே 'சின்ன இங்கிலாந்து'. கண்டிச் சீமை என்று நம் கிராமத்துக் கிழவிகள் சொன்ன இடம் அது. இவர்கள் போட்ட பச்சையைக் கப்பல் கப்பலாக ஏற்றி வாழ்ந்த நாடு, சுதந்திரம் வாங்கிய 1948-லேயே சட்டம் போட்டு இவர்களை நாடற்றவர் ஆக்கியது. 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் உட்கார்ந்து 5,25,000 பேர் உனக்கு, 3,00,000 பேர் எனக்கு என்று பங்கு பிரித்தார்கள். மிஞ்சிய ஒன்றரை லட்சத்தை 1974-ல் பாதிப் பாதியாக்கினார்கள். ஆட்டுச் சந்தையிலாவது ஆட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள்.

நம் மாநிலத்துக்குள்ளேயே வாருங்கள். திருநெல்வேலி மாஞ்சோலை. சிங்கம்பட்டி ஜமீனிடம் 1929-ல் 99 வருஷக் குத்தகைக்கு எடுத்த மலை. 1999 ஜூலை 23-ல் அந்தத் தொழிலாளர்களுக்காக ஊர்வலம் போனவர்கள் மேல் போலீஸ் தடியடி நடத்தி, தாமிரபரணியில் 17 பேர் பிணமானார்கள். குத்தகை 2028-ல் முடிகிறது. அதற்கு முன்பே, 2024-ல், விருப்ப ஓய்வு என்று எழுதி வாங்கிக்கொண்டு மலையைவிட்டு இறங்கச் சொன்னார்கள். 'விருப்ப' என்ற சொல்லுக்கு இப்படி ஓர் அர்த்தம் உண்டென்று அகராதிக்காரர்கள் குறித்துக்கொள்ளலாம். அரசாங்கத் தேயிலைக் கழகமே தோட்டத்தை எடுத்து நடத்தட்டும் என்று கேட்ட வழக்குகள் அந்த டிசம்பரில் உயர்நீதிமன்றத்தில் தள்ளுபடியாயின. காட்டுக்குக் காடு திரும்ப வேண்டும் என்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. புலிக்கும் மலை வேண்டும். நாலு தலைமுறை அந்த மண்ணில் பிறந்தவர்களுக்குக் கீழே ஒரு மனையும் வீடும் கொடுத்துவிட்டு அல்லவா புலியைப் பற்றிப் பேச வேண்டும்?

எங்கள் வர்க்கத்தாரையும் விட்டுவிட மனம் வரவில்லை. கதை எழுதுகிறவர்களில் எத்தனை பேர் கதாநாயகியைத் தேனிலவுக்குத் தேயிலை மலைக்கு அனுப்பியிருக்கிறார்கள்! புதுமைப்பித்தன் 'துன்பக்கேணி' எழுதினார். ஆனைமலைத் தோட்டங்களில் டாக்டராக இருந்த பி. எச். டேனியல் 1969-ல் இங்கிலீஷில் ஒரு நாவல் எழுதினார். அது 'எரியும் பனிக்காடு' என்று தமிழுக்கு வர எத்தனையோ வருஷம் பிடித்தது. மற்றபடி நம் பத்திரிகைகளில் மலை என்றால் மூடுபனி, மூடுபனி என்றால் முத்தம்.

"அப்ப எங்கதான் போகச் சொல்றீங்க? பிள்ளைங்க அழுவுதுங்களே!" என்றார் வாத்தியார், கோபமாகவே.

மூணாற்றுக்கே போங்கள், தம்பி. இருபத்தைந்தாம் தேதி லயங்களில் நட்சத்திர விளக்குக் கட்டியிருப்பார்கள். கிறிஸ்துவக் குடும்பங்கள் நிறைய. நம் ஜனங்கள், தமிழில் பேசினால் உள்ளே வரச் சொல்வார்கள். இருபத்தாறாம் தேதி மறுபடியும் வேலை. சாயங்காலம் கொழுந்து எடை போடுகிற இடத்தில் வண்டியை நிறுத்துங்கள். பிள்ளைகளைக் கீழே இறக்குங்கள். காமிராவை வண்டியிலேயே வைத்துவிடுங்கள். மூட்டையை இறக்கிவிட்டு நிமிர்கிற அம்மாளிடம், எத்தனை கிலோ நின்றது, ஈரத்துக்கென்றும் சாக்குக்கென்றும் எத்தனை கழித்தார்கள், ஓய்வு பெற்றதும் எங்கே குடியிருக்கப் போகிறாய் என்று கேளுங்கள்.